நிலாவுக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை இரவு, கிள்ளான். பௌர்ணமிக்கு மறுநாள்.

அருவருப்பாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சங்க மண்டபத்தில் இன்று என் நிலா வரைபடத்தைத் திறந்து வைத்தார்கள். மேகம் விலகிய இரவுகளில், வீட்டு வாசலில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பென்சிலால் வரைந்த படம். தொலைநோக்கியில் நிலா தலைகீழாகத் தெரியும். அதனால் என் படத்தில் தெற்குதான் மேலே. பள்ளங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தப் பகுதிதான் என் உயிரை வாங்கியது.

நான் போவதற்குள் சங்கச் செயலாளர் செத்தவர் படத்துக்குப் போடுவது போல மாலை போட்டு, நெற்றி மாதிரி மேலே இடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கண்ணாடி போடாத வெறும் காகிதம் அது.

"அண்ணே, இது பென்சில்ல வரைஞ்சது!"

"புதுசா ஒண்ணு திறக்கும்போது பொட்டு வைக்காம எப்படி லா? காரு வாங்கினாக்கூட வைக்கிறோம். இருங்க, தொடைச்சிடலாம்."

ஈர டிஷ்யூவால் தேய்த்தார். தெற்குப் பள்ளங்கள் மொத்தமும் ஒரே சாம்பல் அழுக்காகிவிட்டன.

ஷா ஆலத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அந்த அழுக்கையே உற்றுப் பார்த்தார். "நிலாவுல இருக்கிற மேகத்தக்கூட என்னமா வரைஞ்சிருக்காரு பாருங்க!" என்றார். கூட்டம் கைதட்டியது.

நிலாவில் ஏது மேகம்? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பொன்னாடை தோளில் விழுந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டேன். சிரித்தேன் வேறு.

வெளியே நிலா பளிச்சென்று நிற்கிறது. எந்த முகத்தோடு அதைப் பார்ப்பது? ஜன்னலைச் சாத்திவிட்டேன்.