உட்கார்ந்தால் ஒரு நிறம், நின்றால் ஒரு நிறம்

ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்
ஆடி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு நந்திதா கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். ஆடிக் காற்று மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மற்றபடி தொந்தரவு ஒன்றும் இல்லை. ஹெல்சின்கியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ வாங்கித் தருவதாகச் சொன்ன வளைந்த மானிட்டரை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று போனில் கேட்டாய். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் என் பாதிப் பேச்சு உனக்குக் கேட்கவில்லை. மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே, காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

சித்திரையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சேலை டிசைன் போட ஆரம்பித்தேன் அல்லவா, என் பெயரில் முதன்முதலாகத் தீபாவளிக்குப் போட்ட டிசைன்களைப் பல்லடத்தில் தறி வைத்திருக்கும் மோகன்குமார் பார்க்க வந்தார். அவர் எடுத்துக்கொண்டால்தான் எனக்கு இந்தத் தொழில் நிற்கும், இல்லையென்றால் மறுபடி கம்பெனி வாசலுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைப்போமா, இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் நின்றபடியே மவுஸை நகர்த்தி நிறம் மாற்றிக் காட்டினேன். மாந்தளிர் நிறம் வெளிறித் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாக்கினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கெல்லாம் அவர், நீங்க சொன்னாச் சரிதானுங்க அக்கா என்றே சொன்னார். மாதிரிக்கு ஒரு சேலை தறியில் ஓட்டிக் கொண்டுவந்தபோது அது மாந்தளிராக இல்லை, கருப்பட்டியாக இருந்தது. அப்போதும் அவர் குறை சொல்லவில்லை. பரவாயில்லீங்க, பழைய டிசைன்காரரும் கேட்டுட்டு இருக்காருங்க, யோசிச்சுச் சொல்றனுங்க என்றார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு அந்தச் சேலையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். திரையிலும் அதே கருப்பட்டி. எழுந்து நின்றேன், என் மாந்தளிர். அவர் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்திருக்கிறார், நான் நின்று வேறொன்றைப் பார்த்திருக்கிறேன். உடனே போன் போட்டு, நிறம் மாறிப்போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். அவரும் மறுக்கவில்லை.

மானிட்டர் திரையில் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று வகை உண்டு. நம் பழைய மானிட்டர் டிஎன் வகை. படம் சட்டென்று மாறும், விளையாட்டுக்கு நல்லது, ஆனால் கண் சற்று மேலே போனாலே நிறம் வெளுக்கும். நீ வாங்கித் தருவதாகச் சொன்னது விஏ. அதில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், சினிமா பார்க்க அதை மிஞ்ச முடியாது, ஆனால் ஓரத்தில் நிற்பவருக்கு நிறம் மங்கும். ஐபிஎஸ் வகையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பல் பூத்தாற்போல் தெரியும், அது எனக்குப் பெரிதில்லை, நான் பகலில்தான் வேலை செய்கிறேன். பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், காந்திபுரத்துக் கடையில் மூன்றையும் வரிசையாக வைத்து என் டிசைனையே ஓடவிடச் சொன்னேன். குனிந்தும் எட்டியும் பக்கவாட்டில் நடந்தும் பார்த்தேன். கடைக்கார அக்பர் அலி, ஏனுங்கக்கா, மானிட்டர் வாங்க வந்தீங்களா கும்மியடிக்க வந்தீங்களா என்று சிரித்தார். அப்பா எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கீபோர்டு பார்க்கப் போய்விட்டார். ஐபிஎஸ் ஒன்றை வாங்கி வந்து, நூல் மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டைப் பக்கத்தில் வைத்து நிறத்தைச் சரிசெய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மோகன்குமார் மனைவி லோகப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து நானும் லோகப்பிரியாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். மாந்தளிரைக் காட்டினேன், மூன்று பேருக்கும் மாந்தளிராகவே தெரிந்தது. அடுத்து வெங்காயத்தாள் பச்சை வந்தது. அவர் முன்னே சாய்ந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாமுங்க அக்கா, எங்க பக்கம் ஓடாது" என்றார். லோகப்பிரியா விடவில்லை. "அன்னிக்கு இந்த வாய் எங்கீங்க போச்சு?" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அன்னிக்கே கறுப்பாத்தானுங்க தெரிஞ்சுது. படிச்சவங்க பண்றாங்க, ஏதோ இருக்கும்னு உட்டுப்போட்டனுங்க."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை கண்ணு. மரியாதைக்குத் தலையாட்டுபவரை வைத்துக்கொண்டு நான் எத்தனை சேலை போட்டாலும் தப்பாகத்தான் வரும். வேண்டாம் என்று அவர் சொன்னதும்தான் இந்தத் தொழில் எனக்கு நிற்கும் என்று பட்டது. பச்சையை அங்கேயே எடுத்துவிட்டு மயில்கழுத்து நிறம் வைத்தேன், அதற்கும் ஒரு திருத்தம் சொன்னார், செய்தேன். கிளம்பும்போது பழைய டிசைன்காரர் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. திங்கட்கிழமை தறியில் ஏற்றுகிறார்கள்.

அந்த வளைந்த மானிட்டரை நீயே வாங்கிக்கொள். உன் ஊரில் குளிர்காலத்தில் பகலே இருட்டு, தனியாக உட்கார்ந்து படம் பார்க்க அதுதான் சரி. அத்தைக்கு மறக்காமல் போன் செய், நீ பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். நோய்நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி, மனத்தெம்போடு நீ நல்லா இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது.

உன் அம்மா,
கலாமணி