மழையில் கரைந்த சொட்டு நீலம்

ஐப்பசி, வெள்ளி இரவு.

யாரும் நம்பாத கதையைச் சத்தியமாக எழுதுகிறேன். இன்று தனியாளாக நாலாயிரம் செம்மறிகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றினேன். குடித்த ஆட்டின் முதுகில் அடையாளமாகச் சொட்டு நீலம் வைத்தேன். பாதி வேலையில், உத்திரமேரூர் ஏரியே வானத்தில் ஏறிக் கவிழ்ந்தது போல மழை. பொட்டெல்லாம் கரைந்துவிட்டது.

“துணிக்குப் போடற நீலம் மழையில நிக்குமாய்யா? சினை ஆட்டுக்கு ரெண்டு தபா ஊத்திடாத, குட்டி பூடும்” என்றாள் மனைவி.

“ஒவ்வொண்ணு மூஞ்சியும் எனக்குத் தெரியும்மே” என்று சொல்லி, மீதிக்கும் ஊற்றி முடித்தேன்.

உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கிறது. தூக்கம் வரவில்லை. உண்மையில் நாற்பது ஆடுகள்தான்; மூஞ்சி எதுவும் எனக்குத் தெரியாது. வெள்ளைக் காது சினை ஆடு மட்டும் மருந்துப் புட்டியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ருசி தெரிந்த ஆடுதானே அப்படி மூடும்? நான் பல்லைப் பிரித்து ஊற்றினேன். இதுவரை எழுதியதில் அது ஒன்றைத்தான் கூட்டாமல் எழுதியிருக்கிறேன்.