படுத்திருந்தவனுக்குப் பிரஷர் பார்த்த கதை

மார்ச் 3, திங்கள்

கம்ப்யூட்டர் மறுபடியும் பட்டென்று அணைந்துவிட்டது. நாலாவது தடவை. மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் கடைசி வருஷம். அவள் வரைந்த பஸ் நிலையத்தை நிஜம்போல் தெரியும் படங்களாக இந்த மெஷின் ஆக்கித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி கெடு. தவறினால் ஒரு வருஷம் போச்சு. பாதிப் படம் வந்ததும் இருட்டு! மற்ற நேரத்தில் பாட்டுக் கேள், மெயில் பார், நாள் முழுக்கச் சமர்த்து.

“உங்கப்பா மாதிரியேடி. வேலைன்னு வந்தாதான் மயக்கம் வரும்” என்றாள் மனைவி.

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் வந்தான். நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் சர்வக்ஞன் (மனைவிக்குத் தெரியாது). பெட்டியைத் திறக்காமல், கட்டிய கையையும் பிரிக்காமல் தீர்ப்பு சொன்னான்: “மதர்போர்டு அவுட், அத்தான். வியாழக்கிழமை வந்து தூக்கிட்டுப் போறேன். மாத்த ஒரு வாரம் ஆகும்.”

ஒரு வாரமா! மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பவர் சப்ளையா இருக்கலாம்டா” என்றேன். சுவரிலிருந்து கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கிற டப்பா அது. காலையில்தான் படித்தேன். முப்பது வருஷமாய்த் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

மார்ச் 5, புதன்

அரை நாள் லீவு. வோல்ட் அளக்கிற மீட்டர் ஒன்றும் வாங்கியாச்சு. டப்பாவிலிருந்து போர்டுக்குப் போகிற பெரிய பிளக்கைக் கழற்றி, டப்பா தனியாக ஓடுவதற்காகப் பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் ஜெம் கிளிப்பை வளைத்துப் பாலம் போட்டேன். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. மஞ்சள் ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும். வந்தது பன்னிரண்டு புள்ளி ஒன்று. டப்பா நிரபராதி!

அந்தப் பெருமையில் சர்வக்ஞனுக்கு நானே போன் செய்தேன். “அப்ப போர்டுதானே? அதைத்தானே நான் சொன்னேன்” என்று சிரித்தான்.

அடப்பாவி — என் வாயாலேயே அவன் கட்சியை ஜெயிக்க வைத்துவிட்டேனே. மகள் கெடுவுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மனைவி டியூட்டி முடிந்து வந்தாள். நர்ஸ். காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

“மெஷினை ஓடவிட்டுப் பார்த்தீங்களா?”

“இல்ல, கழட்டி வச்சுத்தான்...”

“படுத்துக் கிடக்கிறவனுக்குப் பிரஷர் பார்த்துட்டு, நல்லாருக்கான்னு வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. மாடிப்படி ஏறச் சொல்லிட்டுப் பார்க்க வேண்டாமா?”

அவளிடம் தோற்றுப்போனேன். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அது புதிதில்லை. இந்தத் தடவை காரணம் புதிது.

மார்ச் 6, வியாழன் காலை

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். சும்மா தொங்கிய ஒரு பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் மீட்டரின் முனைகளைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினேன். மகள் பஸ் நிலையப் படம் போடும் வேலையை ஓடவிட்டாள். யூனிஃபார்மோடு நின்று மனைவி எண்களை வாசித்தாள், வார்டில் சார்ட் வாசிக்கிற அதே குரலில்.

“பன்னிரண்டு. பதினொன்னு புள்ளி ஆறு. பதினொன்னு புள்ளி ஒண்ணு. பத்து புள்ளி எட்டு...”

பட். அணைந்தது.

பதினொன்று புள்ளி நாலுக்குக் கீழே போகவே கூடாதாம். மகள் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மெஷின் செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

மெஷினைத் தூக்கிப் போக மச்சினன் வந்தான். மீட்டர், எண்கள் எல்லாம் கேட்டான். “சரி, வேற டப்பா போட்டுப் பார்த்தாத்தானே நிச்சயம்? நல்ல டப்பாவுக்கு இப்ப எங்க போறது?” என்று மடக்கினான்.

மூன்று பேரும் அவனையே பார்த்தோம்.

“அக்கா! அது என் மெஷின்ல இருக்குக்கா!”

“தெரியும்டா. போய்க் கழட்டிட்டு வா.”

வியாழன் மாலை

ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு நாற்பதுக்கு ஒப்படைத்துவிட்டாள்.

மார்ச் 12, புதன்

புது டப்பா மாட்டியாச்சு. மச்சினனுடையதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாச்சு. மகள், பஸ் நிலையப் படங்களைத் தொகுத்துக் கல்லூரியில் ஒப்படைத்த புத்தகத்தின் இன்னொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி:

மருத்துவ ஆலோசனை — அம்மா
மீட்டர் பிடித்தது — அப்பா
உறுப்பு தானம் — மாமா

ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். கேஷியரிடம் காட்டும்போது முதல் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். பாராட்டினார். மேனேஜரிடமும் அப்படியே. அவரும் பாராட்டினார். என்னமோ, இனிக்கவில்லை.

மூன்றாவதாக வாட்ச்மேனிடம் காட்டும்போது விரலை எடுத்துவிட்டேன். “யார் சார் இந்த அம்மா?” என்று கேட்டார்.

அரை மணி நேரம் சொன்னேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்.