கிரகணத்தன்று நீ வெளியே இருந்தாய்

மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டிலிருந்து இந்த வருடத்தின் முதல் மிளகு மூட்டை இன்று காலை என் கடைக்கு வந்தது. வாயை அவிழ்த்ததும் நெடி ஏறி அடுத்தடுத்துத் தும்மினேன். மூட்டை இறக்கியவர் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்ததும் மிளகால்தான் என்று நினைத்திருப்பார். நான் மனசுக்குள் உங்கள் ஊர்க் கிடங்கில் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், புள்ள. அது அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த அந்த மிளகுக் கிடங்கில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மட்டும் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். மனிதம் வட்டம் என்று பெயர் வைத்துத் தொண்ணூற்றேழில் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வாத்தியார்தான் கூட்டுவார். கடவுள் இல்லை என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் மிளகு நெடி தாங்காமல் பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் பாம்புக்கடி, ஒரு மாதம் நிலப் பட்டா, இன்னொரு மாதம் பேய் பிடிப்பது என்று பேச்சு நடக்கும். பேசி முடித்தவரை யாரும் எதுவும் கேட்கலாம். அந்த மலையில் பெண்கள் ஆண்களைப் பார்த்து நேருக்கு நேர் கேள்வி கேட்ட இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

சின்ன வயதில், மலையடிவாரத்தில் எங்கள் ஊரான காளப்பநாயக்கன்பட்டி பள்ளியில் நாம் ஒன்றாகப் படித்தோம். நீ விடுதிப் பிள்ளை. பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்த உரிமையில்தான் என்னையும் வட்டத்துக்கு இழுத்துப்போனாய். முதல் கூட்டத்திலேயே ஒருவர் என் தலைமுக்காட்டைப் பார்த்துவிட்டு, "தொழுகற பொம்பளைக்கு இங்க என்னங்க வேலை?" என்றார். வாத்தியார் பதில் சொல்ல வாயெடுத்துத் தும்மினார். நீதான் எழுந்தாய்.

"சாமி இருக்குதா இல்லையான்னு முடிவு பண்ணிப்போட்டுத்தான் மனுசனுக்கு மனுசன் உதவோணும்னா, அதுக்குள்ள நாமெல்லாம் செத்துருவோமுங்க. அவ இருக்கட்டும்."

நான் இருந்தேன். மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்தேன்.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் சூரிய கிரகணம் வந்தது. ஒரு வாரம் முன்பிருந்தே கர்ப்பிணிகள் இருந்த வீடுகளில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார்கள். உனக்கு அப்போது ஏழாம் மாதம். வெளியே வரக் கூடாது, எதையும் தின்னக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தியைத் தொடக் கூடாது என்று உன் மாமியார் காலில் விழாத குறையாகச் சொன்னார். கத்தியைத் தொட்டால் வயிற்றுப் பிள்ளையின் உதடு கிழியும் என்பது மலை முழுக்க இருந்த பயம். என்னைப் பெற்ற அத்தாவிடம் இதைச் சொன்னபோது, "கிரகணம் எவன் பொறப்புக்கும் எவன் சாவுக்கும் புடிக்கறதில்லம்மா. தொழுதுட்டுப் போயி உன் சிநேகிதி கூட இரு" என்று அனுப்பிவைத்தார்.

அந்த மாதக் கூட்டத்தை வட்டம் கிரகண மாலைக்கு மாற்றியிருந்தது. ஓட்டை போட்ட அட்டை வழியாகக் கிடங்கின் வெள்ளைச் சுவரில் சூரியனை விழவைத்தார் வாத்தியார். நல்லவேளையாக மேகம் விலகியிருந்தது. கடித்து மிச்சம் வைத்த அப்பம்போலச் சூரியன் சுவரில் தேய்ந்துகொண்டே வந்தது. நீ வாசலில் வெட்டவெளியில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கத்தியால் துண்டு போட்டாய். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீயும் தின்றாய். தூரத்தில் நின்று பார்த்தவர்களிடம், "வாங்க, சூடா இருக்குது" என்று வேறு கூப்பிட்டாய். ஒருவரும் வரவில்லை.

ஐப்பசியில் உனக்குப் பெண் பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது வீடு நிறையக் கூட்டம். உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "படிச்சுப் படிச்சுச் சொன்னனே சாமி, கேட்டாளா? கத்தி எடுத்து என்ற பேத்தி வாயைக் கிழிச்சுப்போட்டாளே!" உன் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குப் பால் உறிஞ்ச வரவில்லை. பீய்ச்சிய பாலை நீ கரண்டியில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டாய்: "நெசமா இருக்குமா, புள்ள?"

உன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "டாக்டரைக் கேப்போம், வா" என்றேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு, எடை கூடியதும் தைத்துவிடலாம் என்றார். கிரகணத்தைப் பற்றிக் கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. கருவில் உதடு கூடுவது இரண்டாம் மாதம் முடிவதற்குள் நடந்துவிடும். சில பிள்ளைகளுக்குக் கூடாமல் போகும். பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாய். மறுபடியும் சொன்னார். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாய்:

"ரெண்டாம் மாசத்துக்குள்ள, புள்ள! நான் கத்தி எடுத்தது ஏழுல. அதுக்கு முன்னாலயே இவ இப்படித்தான் இருந்திருக்கா!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னாய்.

ஆனால் வட்டம் ஆடிப்போயிருந்தது. பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கிடங்குக்காரர் சாவி தரத் தயங்கினார். வாத்தியாரே, "ரெண்டு மாசம் விட்டுப் புடிக்கலாம்மா. ஊரு இதையேதான் பேசுது" என்றார்.

"ஊரு பேசறப்பத்தானுங்க நாமளும் பேசோணும். எல்லாரும் வாயை மூடுனதுக்கப்பறம் பேசி ஆருக்குங்க? இந்த மாசம் நான் பேசறேன்."

அந்த ஞாயிறு போலக் கிடங்கு ஒருநாளும் நிறைந்ததில்லை. கேட்பதற்கு வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். பிள்ளையின் முகத்தை மூடாமல் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாய். உதடு எப்படிக் கூடுகிறது என்று டாக்டரம்மா சொன்னதை உன் இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டிச் சொல்வதற்காகப் பிள்ளையை என்னிடம் கொடுத்தாய். இரண்டாம் மாதக் கணக்கை இரண்டு தடவை சொன்னாய்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "எல்லாம் சரி. கிரகணத்துல வெளிய உக்காந்தது நீ ஒருத்திதான். கேடு வந்ததும் உனக்குத்தான். இதுக்கு என்ன சொல்றே?"

நீ வாய் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டிலிருந்து நடந்து வந்தவள். முந்தானையால் வாயைப் பொத்தியே உட்கார்ந்திருந்ததால் யாரும் அவளைக் கவனித்திருக்கவில்லை.

"நான் வயித்துல இருந்தப்ப வந்த கிரகணத்துல எங்கம்மா உள்ளதான் இருந்தாங்க. கதவைச் சாத்தி, சாக்கு போட்டு, பச்சத்தண்ணி குடிக்காம இருட்டுல கெடந்தாங்களாம்," என்று சொல்லி முந்தானையை இறக்கினாள். "அப்படியும் நான் இப்படித்தானுங்க பொறந்தேன்."

அவள் உதடும் பிளந்திருந்தது. அவள் உன்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, இந்த வயசுல எனக்கும் தைப்பாங்களா?"

"நான் கூட்டிட்டுப் போறேன், கண்ணு" என்றாய். கூட்டிக்கொண்டும் போனாய். உன் மகளுக்குத் தைத்த அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கும் தைத்தார்கள். முடிந்து மலையேறும்போது அவள் முகத்தைப் பஸ் ஜன்னலுக்கு வெளியே காட்டிக்கொண்டே வந்தாள்.

ஊர் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். உன் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. அடுத்த கிரகணத்துக்கும் சாக்கு கட்டினார்கள். ஆனால் வட்டம் நிற்கவில்லை. சாவியை நீ இரவல் கேட்பதை விட்டுவிட்டு உன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாய்.

போன ஐப்பசியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, உறவுக்காரப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கிரகணத்துல உக்காந்தவ. விட்டு வெச்சுப் புடிச்சிருக்குது." உன் மகள் உன் தலைமாட்டில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். நான் எழுந்து கேட்டேன்:

"அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தவங்க ஆருமே சாகலீங்களா, பெரியவரே?"

சாவு வீட்டில் அப்படிப் பேசக் கூடாதுதான். பேசிவிட்டேன். அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். உன் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிக்கும்போது மேலுதட்டுத் தழும்பு ஒரு பக்கம் இழுக்கும், உனக்குத் தெரியுமே, அப்படி.

அடுத்த இரண்டாம் ஞாயிறு கூட்டம் வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். செம்மேட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் உன் மகள், அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து கிடங்கைத் திறந்தாள். உனக்காக எழுந்து மௌனமாக நிற்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "வேண்டாமுங்க. எங்கம்மா மௌனத்துக்கு ஆளில்ல. உக்காருங்க, பேசலாம்" என்றாள். ஆண்களும் பெண்களும் நிறைந்த அந்தக் கிடங்கில் மார்புப் புற்றைப் பற்றிப் பேசினாள். கட்டி எப்படித் தொடங்கும், எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று தன் கையை வைத்தே காட்டினாள். தலை குனிந்தவர்களைப் பார்த்து, "நிமுந்து கேளுங்க. எங்கம்மா கூச்சப்பட்டு ஒரு வருசம் ஆருகிட்டயும் சொல்லல. அதான் இன்னைக்கு நான் பேசறேன்" என்றாள்.

ஒரு வருடம். பிள்ளையின் பிளந்த உதட்டை ஊருக்கே காட்டியவள் நீ, உன் உடம்பில் வந்ததை என்னிடம்கூட மறைத்தாய். என் தொழுகையில் உனக்காகத்தான் கேட்கிறேன், நம்பாதவளே, உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். தொழுது எழுந்ததும் உன்மேல் கோபம் வருகிறது. உன்னையே வாயடைக்க வைத்த அந்தக் கூச்சத்தின் மேல் அதைவிடப் பெரிய கோபம் வருகிறது. இப்போது கடைக்கு வரும் பெண்களிடம் மிளகை நிறுத்துப் போட்டுக்கொண்டே அதைக் கேட்கிறேன்: "தடவிப் பாத்தியா, கண்ணு?" சிலர் சிரிக்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி திட்டிவிட்டுப் போய், மறுவாரம் தனியாக வந்து நின்றாள். அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

காலம் போனால் ஆறிவிடும் என்கிறார்கள், புள்ள. நான் ஆறவிடுவதாக இல்லை.