தென்னோலை மாப்பிள்ளை

ஹுத்தான் மெலிந்தாங் தோட்டம்,
சுபானு வருஷம் ஆனி 19,
ஜப்பான்காரன் கணக்குக்கு 2603.

கடலில் மாண்டு, கரையில் எரிந்து, தற்சமயம் ஈப்போ புந்தோங்கில் ஒரு மாட்டுக் கொட்டகையில் குடியிருக்கும் அருமை மாப்பிள்ளை சன்னாசிக்கு, உன் பெண்டாட்டியின் அண்ணன், நொண்டிக்கால் பேரரசன் பத்துமலை எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்தில் கருப்பம்மாள், குழந்தை முத்தம்மா, நான் மூவரும் நலம். நீ செத்து இன்றோடு பதினோரு நாள். உன் நலம் அறிய ஆவல்.

பயந்துவிடாதே, விவரமாகச் சொல்கிறேன். முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை சுமத்திராப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. காற்றா அது! நம் கூலி லயத்துக் கூரைத் தகரங்கள் சித்தியவான் வரை போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. கடல் கரைமேட்டை உடைத்துக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள் புகுந்தது. ஒரு கெளுத்தி மீன் தானாக வந்து என் அடுப்பில் படுத்து, மிளகாய் இருக்கா என்று கேட்டது. அதுதான் இல்லைலா என்றேன். கருப்பம்மாள் முத்தம்மாவை முதுகில் கட்டிக்கொண்டு கோயில் மேட்டில் ஏறினாள். நான் நொண்டிக் காலோடு பின்னால் நீந்தினேன். லயத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆத்தாளுக்கு மரவள்ளிக் கிழங்கில் பொங்கல் வைத்தோம். அரிசி எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

அரிசி எங்கே என்று கேட்டவன் நீ ஒருவன்தானே! காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது கேட்டாய். அதற்காகத்தான் அரிசிப் பங்கையும் பதிவேட்டையும் கையில் வைத்திருக்கும் தோட்டத்துக் கிராணி சதாசிவம், ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்குப் போகும் இருபது பேரில் உன்னை முதல் பெயராக எழுதினான். நீ தப்பி ஓடியதும், திங்கட்கிழமை லாரிக்குச் சன்னாசி வரணும், இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டி ஏறணும் என்று கருப்பம்மாள் முகத்துக்கு நேரே சொன்னான். அன்று நான் பல்லைக் கடித்த சத்தம் ஈப்போவில் உனக்குக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் காற்று வந்து எனக்கு வழி காட்டியது. உன் நீலச் சட்டையைக் கிழித்துச் சதுப்பில் ஒரு மரத்து வேரில் மாட்டினேன். பிறகு கிராணியையே கூட்டிப்போய் அதைக் கண்டுபிடித்தேன். பெண்டாட்டியைப் பார்க்க ரகசியமாக வந்தவனைக் கடல் கொண்டுபோய்விட்டதே என்று மாரில் அடித்துக்கொண்டேன். உடல் கிடைக்காதவனுக்கு நம் ஆட்கள் செய்கிறபடி, தென்னோலையில் ஆள் கட்டி எரித்தேன். உனக்கு இல்லாத தொந்தியெல்லாம் வைத்தேன். கிராணி வந்து சூடம்கூட ஏற்றினான். ஓடிப்போனவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை என்ற பழி இனித் தன்மேல் விழாது என்ற சந்தோஷத்தில், சன்னாசி கடலில் மாண்டான் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

திங்கட்கிழமை லாரி வந்தது. ஜப்பான் அதிகாரி எண்ணினான். பத்தொன்பது. கிராணி பதிவேட்டை நீட்டிவிட்டு, தாலியில்லாமல் நின்ற உன் பெண்டாட்டியைக் கைகாட்டினான். அதிகாரி அவளைப் பார்த்தான், இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தான், வேண்டாம் என்றான். பிறகு கிராணியின் தோளையும் கையையும் சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்து, லாரியைக் காட்டினான். தான் எழுதுகிற ஆள் என்று அவன் மலாயில் சொன்னான், இங்கிலீசில் சொன்னான், கடைசியில் அழுகையிலும் சொன்னான். ஏறத் தெரியாமல் தடுமாறியவனை நான்தான் கைகொடுத்து ஏற்றினேன். அரிசி எங்கே போகிறதென்று அங்கேயாவது விசாரித்துச் சொல்லுங்கள் கிராணியாரே என்று காதில் சொன்னேன். பதினாறு வகைக் கறியோடு விருந்து சாப்பிட்டதுபோல இருந்தது எனக்கு. அவன் பெண்டாட்டி ராமலட்சுமி மண்ணில் புரண்டு அழுதாள். அப்போதும் என் சிரிப்பு அடங்கவில்லை. இதை எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அழிக்கமாட்டேன்.

நம் கூட்டாளி ஐயாவு, அவனும் அதே லாரியில் போனான். அதை நினைக்கும்போதுதான் கிழங்கைத் தொடாமல் தள்ளிவைத்துவிடுகிறேன்.

சதாசிவத்தைச் சாகவிடாதே என்று ஆத்தாளிடம் வேண்டியிருக்கிறேன். அவன் இளைத்துக் கறுத்துத் திரும்பிவந்து பெரட்டுக் களத்தில் நிற்கும்போது, முன்வரிசையில் நீ நிற்பதை அவன் பார்க்கணும். அதுவரை என் பழி பாதிதான் தீர்ந்தது.

கருப்பம்மாளுக்கு நடிக்கத் தெரியாதே என்று பயந்திருந்தேன். ஓலை ஆளுக்கு உன் வேட்டியைச் சுற்றியதும் அவள் அலறிய அலறலில், நிஜமாகவே நீ போய்விட்டாய் என்று நானே நம்பிவிட்டேன். கழற்றிய தாலியை மிளகாய் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறாள். தினமும் திறந்து பார்க்கிறாள். அப்பா எப்போ வருவார் என்று வெளியாட்கள் முன்னால் கேட்காதே என்று முத்தம்மாவுக்குச் சொல்லிவைத்தோம். இப்போது அது கேட்பதையே விட்டுவிட்டது.

கருவாடு விற்கும் சீனி தன் கூடைக்குள் வைத்து இதைக் கொண்டுவருவான். படித்ததும் அடுப்பில் போடு. பதில் எழுதாதே. உனக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று சீனி சொன்னான். உன் பெண்டாட்டியிடம் நான் சொல்லவில்லை. கஞ்சியாவது குடி, நனைந்த தரையில் படுக்காதே. இந்த ஜப்பான் கொடி இறங்கும்வரை நீ செத்தவனாகவே இரு மாப்பிள்ளை. செத்து மட்டும் போய்விடாதே. இன்னொரு தரம் ஓலை கட்ட எனக்குக் கை வராது.

தீர்க்காயுசாக இரு என்று ஆசீர்வதிக்கும்,
பத்துமலை