ஒரு நூல் உயரம்

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சீட்டாட்டப் போட்டி நடந்த அன்றைக்குச் சீட்டுக் கடை மாடியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். உன் மகள் பொடிசு இருந்தாள். அவள் அம்மா, அதாவது உன் பெண்டாட்டி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வண்டி ஓட்டிக்கொண்டு வந்த உன் தம்பி, கீழேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் மேலே வந்து நின்றான். கடைக்காரர் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நடுவர் அம்மாள் இருந்தாள். பொடிசுக்கு எதிரே உட்கார்ந்து ஆடிய பல் டாக்டர் இருந்தான். நான் இருந்தேன். மற்ற முப்பது பேரும் தோற்றுப்போய் வேடிக்கை பார்த்தவர்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

ஒன்பது நாளாக நீ ஃபோன் பண்ணுகிறாய், பொடிசு எடுக்கவில்லை, உன் பெண்டாட்டி எடுத்து அவ குளிக்கிறா என்கிறாள், நீயும் சரி சரி என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது நாளாக ஒருத்தி குளித்துக்கொண்டே இருந்தால் தோல் உரிந்துவிடாதா, அதைக்கூட யோசிக்க மாட்டாயா. என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், சரியாகக் கேட்கவில்லை என்பாய், காகிதத்தில் அது நடக்காது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நடந்ததில் பிழை இருக்காது, என் ஞாபகம் உனக்குத் தெரியும்.

அந்த ஆட்டம் உனக்குத் தெரியாது. மகள் ஐந்து வருஷமாக ஆடுகிறாள் என்பதே உனக்குப் போன வருஷம்தான் தெரியும். ஆளுக்கு அறுபது சீட்டு, கடையில் விற்கிற ஆயிரக்கணக்கான சீட்டிலிருந்து அவரவர் பொறுக்கிக் கட்டு சேர்க்க வேண்டும், ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுச் சீட்டுகள் வரும், வந்த உடனே எல்லாரும் பழைய கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை வந்ததில் ஒரு கொக்கு. சாம்பல் நிறம், அலகில் லாந்தர் விளக்கைக் கவ்விக்கொண்டு நிற்கும். அது இறங்கினால், நாம் ஏற்கெனவே கழித்துப் போட்ட குவியலிலிருந்து எந்தச் சீட்டு வேண்டுமோ அதைத் தூக்கிக் களத்தில் வைக்கலாம். பொடிசு அதன் கீழே இருந்த பொடி எழுத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, “இதுதான் பாட்டி, இதச் சுத்தித்தான் மொத்தக் கட்டையும் கட்டப்போறேன்” என்றாள். பெரிய பெரிய மிருகச் சீட்டையெல்லாம் வேண்டுமென்றே முதலில் வீசிவிடுவது, பிறகு கொக்கு போய் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வருவது, அதுதான் அவள் திட்டம். தானே வீசினதைத் தானே போய் எடுத்து வருகிற பறவை. அந்தக் குணம் எல்லாருக்கும் வராது. உன்னைச் சொல்லவில்லை, எழுதும்போது தோன்றியது, எழுதிவிட்டேன்.

எதற்காக இவ்வளவு பாடுபட்டாள் என்று இப்போதாவது தெரிந்துகொள். முதலில் வருகிறவரைப் பெரிய போட்டிக்கு அனுப்புகிறார்கள், அந்தப் பெரிய போட்டி நீ இருக்கிற ஊரில். போய்வர டிக்கெட், தங்க அறை எல்லாம் அவர்களே. ஜெயித்த பிறகு சொல்லலாம், இல்லையென்றால் சொல்லாமலே வந்து கதவைத் தட்டலாம் என்று இருந்தாள். ஏழு வருஷமாக நீ வரவில்லை. மூன்று தடவை வருகிறேன் என்றாய், மூன்று தடவையும் மாடி அறைக்கு வெள்ளை அடித்தோம். பன்னிரண்டு வயதில் விட்டுப் போன பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது. அப்பா வரலைன்னா என்ன, நான் போறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள், வாயால் சொல்லவில்லை, ஆனால் மேஜை மேல் உன் ஊர்ப் படத்தை விரித்து வைத்து ரயில் பாதையில் விரலை ஓட்டிக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன்.

இங்கே கடையில் வந்த பாக்கெட்டை எல்லாம் பிரித்துப் பார்த்தும் ஒரு கொக்குதான் கிடைத்தது, அதையும் யாரோ கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் உன்னைக் கேட்டாள். நீ அனுப்பினாய். அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும், ஏழு வருஷத்தில் நீ சொன்ன தேதிக்குச் செய்த ஒரே காரியம் அது. ஒவ்வொரு சீட்டுக்கும் சட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை போடுவார்கள், ஃபோனில் அந்த உறை என்ன நிறம், என்ன கம்பெனி என்று கேட்டு, அதே கம்பெனி, அதே கறுப்பு உறை வாங்கி, நான்கு கொக்குக்கும் உன் கையாலேயே போட்டு அனுப்பியிருந்தாய். மற்ற ஐம்பத்தாறும் அவளுடைய உறையில் இருந்தன. “எல்லாத்தையும் ஒரே பெட்டி உறைக்கு மாத்திடேன்டி” என்று அவள் அம்மா சொன்னாள். அவள் கேட்கவில்லை. “அப்பா கையால போட்டதும்மா, இருக்கட்டும்” என்றாள். விவரம் தெரிந்து ஆடுகிற யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். அவள் விவரம் தெரிந்தவள்தான், உன் விஷயத்தில் மட்டும் இல்லை.

தினமும் மாலையில் அவள் பழகினது என்னோடு. அவளுடைய பழைய சீட்டுக் கட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தாள். எழுத்தைப் படிக்க எனக்குக் கண் போதாது, அவள் ஒரு தடவை சொன்னால் போதும், படத்தைப் பார்த்தால் மொத்தமும் ஞாபகம் வந்துவிடும். என் சீட்டுக் கட்டுக்குள் துடைப்பக்காரன் என்று நான் பெயர் வைத்த ஒரு சீட்டு உண்டு, அவன் இறங்கினால் எதிராளி கழித்துப் போட்ட குவியல் அத்தனையும் ஆட்டத்தை விட்டே போய்விடும். அவளுடைய கொக்கு வருவதற்கு ஒரு கை முன்னால் நான் துடைப்பக்காரனை இறக்கிவிடுவேன். கொக்கு வந்து வெறும் தரையைக் கொத்தும். “எப்படிப் பாட்டி, ஒவ்வொரு வாட்டியும் கரெக்டா முன்னாடி?” என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். எது போச்சு, எது மிச்சம்னு எண்ணிக்கிட்டே இருந்தா தெரிஞ்சிடும்டி என்பேன். எனக்குப் பயந்து இரண்டு நல்ல சீட்டை எடுத்துவிட்டுத் துடைப்பத்தைத் தடுக்கிற இரண்டு சீட்டைச் சேர்த்தாள். பார்க்கிறவர்களிடம் எல்லாம் எங்க பாட்டிகிட்ட ஜெயிச்சா யாருகிட்டயும் ஜெயிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்றைக்கு அவள் ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான்கு பேரை அடுத்தடுத்துத் தோற்கடித்து உட்கார வைத்தாள். யாரிடமும் துடைப்பக்காரன் இல்லை, கொக்கு தன் பாட்டுக்கு மிருகம் மிருகமாகத் தூக்கி வந்து வைத்தது. ஐந்தாவது ஆட்டம்தான் கடைசி, எதிரே பல் டாக்டர். நாற்பது வயது மனிதன், வாய்க்குள் விளக்கு அடித்து எது உயரம் எது குட்டை என்று பார்த்தே பிழைக்கிறவன். மூன்றாவது கையிலேயே தோற்கிற நிலைமைக்கு வந்துவிட்டான். அப்போது பொடிசின் சீட்டுக் கட்டையே உற்றுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். “தப்பா நெனச்சிக்காதம்மா, ஒரு சந்தேகம்” என்றான். நடுவர் அம்மாள் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபது சீட்டையும் சேர்த்து மேஜையில் தட்டி நிமிர்த்தினாள், விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் வருடினாள். நான்கு இடத்தில் நகம் தடுக்கியது. நான்கையும் உருவித் திருப்பிப் போட்டாள். நான்கும் கொக்கு. நீ போட்ட உறை ஒரு நூல் உயரம்.

“ஒண்ணு ரெண்டுன்னா கிழிஞ்ச உறைன்னு விட்டுடுவேன். நாலும் ஒரே சீட்டு, அடுத்து அது வருதான்னு பாத்தே தெரிஞ்சிக்கலாமே” என்றாள் நடுவர் அம்மாள். பொடிசு அழவில்லை. “மேடம், நான் எங்க பாட்டியோடதான் மூணு வாரமா ஆடினேன். துணிக் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் செக்கிங் மேஜையில நின்னவங்க, காலர் ஒரு நூல் கூடினா கண்டுபிடிச்சிடுவாங்க. அவங்களே ஒண்ணும் சொல்லல, அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்” என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் அம்மாள் எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டாள். “நீங்க கவனிச்சீங்களாம்மா? கவனிச்சும் அவகிட்ட சொல்லாம இருந்திருந்தாக்கூடச் சொல்லுங்க. அவளுக்குத் தெரியாதுன்னு நான் நம்பறதுக்கு அது ஒண்ணு போதும்” என்றாள். எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றேன். கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். பொடிசைப் போட்டியை விட்டு எடுத்துவிட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள், ஒரு வருஷத்துக்கு எந்தக் கடையிலும் போட்டிக்கு உட்காரக் கூடாது. ஏமாத்தினவ என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது, அவள் காதிலும் விழுந்திருக்கும். வண்டியில் வரும்போது நான்கு கொக்கையும் உறையிலிருந்து உருவினாள், உறையைக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். எங்கப்பா ஒரு காரியம் செஞ்சா இப்படித்தான் முடியும் என்றாள். உன் பெண்டாட்டி பேசவில்லை. உன் தம்பி பேசவில்லை. நான் பேசினேன். உங்கப்பன் எதைத்தான் உருப்படியாச் செஞ்சான், இதைச் செய்ய என்று அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்துதான் அவள் உன் ஃபோனை எடுப்பதில்லை.

இப்போது கேள். எனக்குத் தெரியும். நீ அனுப்பின கொக்கு அவள் கட்டுக்குள் சேர்ந்த முதல் நாள், அவள் கலைத்து மேஜையில் வைத்த உடனேயே தெரியும். முப்பத்தோரு வருஷம் பார்த்த கண்ணுக்கு நான்கு விளிம்பு தனியாகத் தெரியாமல் போகுமா. மேலே உயர்ந்த விளிம்பு வந்து நின்றால் அடுத்தது கொக்கு, துடைப்பக்காரனை இறக்கு, அவ்வளவுதான் என் ஞாபக சக்தி. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் உறையை மாற்றியிருப்பாள். நீ போட்ட உறையை அவள் கழற்றும்படி ஆகுமே என்று பார்த்தேன் என எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்தேன், அது பொய். கொக்கு வருவதற்கு முன்பே நான் தினமும் தோற்றுக்கொண்டு இருந்தேன். “இனி கடைக்குப் போய்ப் பெரிய ஆளுங்களோட பழகணும் போல பாட்டி” என்று ஒரு நாள் சொன்னாள். உன் பெண்டாட்டிக்கு இரண்டு ஷிப்ட், உன் தம்பி வாரத்தில் ஐந்து நாள் சாலையில், அந்த மேஜையில் என் எதிரே வந்து உட்காருகிற ஒரே ஆள் அவள். போகாமல் இருக்கட்டும் என்று ஜெயித்தேன். மாடியில் முப்பது பேருக்கு முன்னால் பேத்தியிடமே கள்ளாட்டம் ஆடின கிழவி என்று ஆகிவிடுவேனே என்று வாயை மூடினேன்.

நான் யாரையும் மறக்கிறவள் இல்லை. உன் தம்பி ஒன்பதாவது படிக்கும்போது என் கத்தரிக்கோலால் கம்பி வெட்டினதை மறக்கவில்லை. உன் பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் என் சமையலுக்குத் தனியாக உப்பு கேட்டு வாங்கினதை மறக்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து “பெருசு, இது பசங்க விளையாட்டு” என்றதை மறக்க மாட்டேன். நீ வராத மூன்று தடவையும் தேதியோடு இருக்கிறது, நேரில் வா, படித்துக் காட்டுகிறேன். ஆனால் பல் டாக்டர் அவன் கண் பார்த்ததைச் சொன்னான், நடுவர் அம்மாள் எனக்கு வழியைத் திறந்தே வைத்துக் கேட்டாள், நீ நல்ல உறையாகத்தான் வாங்கினாய். இவர்களை எல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டுவிடுவேன்.

நடுவர் அம்மாளுக்கு நடந்ததை எழுதித் தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். உன் ஊர் எழுத்து எனக்கு வராது, இதன் மேல் விலாசம் எழுத வேண்டியது பொடிசுதான், எப்போதும் போல. கவரை ஒட்டாமல் இரண்டு காகிதத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடப் போகிறேன். இது உனக்கு வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். வராமல் போனால் அதுவும் அவள் இஷ்டம், நான் கேட்க மாட்டேன்.

கை கால் சுகத்தோடு நீண்ட நாள் இரு, உன் வேலை நிலைக்கட்டும், உன் வீட்டு விளக்கு எரியட்டும். காது குத்தல் வந்தால் பஞ்சு வைத்துக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் ஆகாது. மறக்காமல் அவளுக்கு மறுபடி ஃபோன் பண்ணு, எடுக்காவிட்டாலும் பண்ணு, குளிக்கிறாள் என்று யார் சொன்னாலும் நம்பாதே, குளித்துவிட்டு வரட்டும் இருக்கிறேன் என்று சொல். டிக்கெட்டை நீ எடு, அவளுக்கு இல்லை, உனக்கு.

அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்களை மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன். அதில் நான் எப்போதும் மன்னிக்கப் போகாத ஆள் ஒருத்தி, வரிசையில் கடைசியாக எழுதினவள், இந்தக் காகிதத்திலும் கடைசியாக வருகிறவள்,

உன் அம்மா.