அம்மா, இப்ப உனக்குக் காலையா?

மார்ச் 4, புதன்

காலை ஷிப்ட் வாரம். இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதிக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. எந்நேரமும் அதே டியூப் லைட், அதே ஆவி, அதே பிளீச்சிங் வாடை. வெளியே மழையா வெயிலா என்று அடுத்த ஷிப்ட்காரிகளின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறைக்கு வந்து சோறு வைத்தேன். ஒரே ஒரு கைப்பிடி அரிசியைப் பானையில் போடும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே! அதற்கு ஒரு பாத்திரம், அதைக் கழுவ ஒரு ஆள். எஜமானியும் நானே, வேலைக்காரியும் நானே. சோறு குழைந்துவிட்டால் சண்டை போடக்கூட எதிராளி கிடையாது.

மார்ச் 5, வியாழன்

அக்கா வீட்டிலிருந்து என் வாலு போன் செய்திருக்கிறாள். தூங்கிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். வாலு வாசலிலேயே நின்றிருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. விழுந்து நாலு நாள் ஆச்சாம். அதைச் சொல்லத்தான் அன்று போன் செய்திருக்கிறாள். பல்லை எனக்காகப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவள் அப்பா வேறு குடித்தனம் தேடிப் போன பிறகு, ஏழு வயசுக் குழந்தையை ராத்திரி தனியாக விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக முடியாமல்தான் அக்காவிடம் விட்டேன். "ஆறு மாசம்தான்க்கா" என்றேன். அது ஆகிவிட்டது ஒன்றரை வருஷம்.

சாப்பிட்ட பிறகு அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். வாலு படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. அடுத்த வருஷத்துக்கு எங்கே சேர்ப்பது என்று லீவுக்குள் முடிவு செய்ய வேண்டும். "பகல் வேலை ஒண்ணு பாரு. கிடைச்ச அன்னைக்கே கூட்டிட்டுப் போ, நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா இங்க ஒரு தடவை சேர்த்துட்டேன்னா நடுவுல வந்து பிடுங்கிட்டுப் போகக் கூடாது. பிள்ளை என்ன மேசை நாற்காலியா, இங்கயும் அங்கயும் தூக்கிப் போட?"

கோபம் வந்தது. அவள் சொல்வது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மார்ச் 11, புதன்

மதிய ஷிப்ட். எதிர்க்கை வேலையை விடுகிறாள். இந்தச் சனிக்கிழமையோடு சரியாம்.

எங்கள் வேலை இதுதான். ஈர விரிப்பு சூடான உருளைக்குள் போய்க் காய்ந்து வெளியே வரும். இந்தப் பக்க முனைகளை ஒருத்தி பிடிப்பாள், அந்தப் பக்க முனைகளை இன்னொருத்தி. ஒரு உதறு, ஒரு மடிப்பு, இரண்டு பேரும் நடந்து வந்து கையோடு கை சேர்த்து முனையைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். எதிரே நிற்பவளை எல்லோரும் எதிர்க்கை என்றுதான் சொல்வோம். மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. இத்தனை வருஷத்தில் அவளோடு உட்கார்ந்து பேசியது மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என் விரலை இன்னொரு மனுஷி விரல் தொடுகிறது? அவள் ஒருத்திதான் தொடுகிறாள்.

இன்று காதோடு வாய் வைத்துக் கத்தினாள்: "நீயும் கிளம்புடி. இருந்தா நம்மளையும் மடிச்சு அடுக்கிடுவாங்க!"

மார்ச் 14, சனி

சூப்பர்வைசரிடம் எனக்கு நிரந்தரமாகக் காலை ஷிப்ட் தர முடியுமா என்று கேட்டேன். "எல்லாரும் பகலே கேட்டா ராத்திரிக்கு யாரும்மா வருவா? பேயா வரும்?" என்றார். கண்ணாடியில் பார்த்தால் என்னைத்தான் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது.

எதிர்க்கை போய்விட்டாள். போகும்போது கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு விஷயம் நடந்தது. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும் போல.

அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே ஒரு போர்டு கண்ணில் பட்டது. பூச்செடி, மரக்கன்று எல்லாம் விற்கிற நர்சரி. "வேலைக்குப் பெண் தேவை. காலை 8 முதல் மாலை 5 வரை." அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கித் திரும்பி நடந்தேன். கடைக்காரம்மா முழங்கை வரை மண்ணோடு இருந்தார், என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாங்க. தண்ணி ஊத்துற நேரம், வேலை ஒத்துவருமான்னு நீங்களும் பாத்துக்கலாம். இன்னும் ரெண்டு பேர் வராங்க. ஏழுன்னா ஏழு, சரியா?"

ஏழுன்னா ஏழு.

மார்ச் 17, செவ்வாய்

இரவு ஷிப்ட் வாரம். யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தேன், வாய் சும்மா இருந்தால்தானே? தூக்கத்தில் போன் அடித்தது, எடுத்துவிட்டேன்.

வாலு எப்போதும் இதைத்தான் முதலில் கேட்பாள்: "அம்மா, இப்ப உனக்குக் காலையா, ராத்திரியா?" நான் ஏதோ கடல் தாண்டி இருப்பது மாதிரி. "எழுப்பிட்டேனா?" என்பதற்குப் பதிலாக அவளே கண்டுபிடித்த கேள்வி அது.

வேலை விஷயத்தைச் சொன்னேன். எட்டிலிருந்து அஞ்சு வரைதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப ராத்திரி நீ என்கூடத் தூங்குவியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? முதலில் வேலை கிடைக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 19, வியாழன்

ஆறு மணிக்கு விட்டார்கள், ஓடி வந்தேன். குளித்து, நல்ல சேலை கட்டியாயிற்று. பிளீச்சிங் வாடை போகவில்லை, சோப்பு பாதி கரைந்ததுதான் மிச்சம். தலை காயட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதே நாள்

எப்படி எழுதுவேன்?

கண்ணைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. ஜன்னலில் அரை வெளிச்சம். ஐயோ, கண்ணசந்துவிட்டேனே, நல்ல வேளை கொஞ்ச நேரத்தோடு போயிற்று என்று செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். பஸ்ஸில் எல்லோரும் வாடிய முகத்தோடு, மடியில் காய்கறிப் பையோடு இருந்தார்கள். பாவம், இவர்களும் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறார்கள் போல என்று பரிதாபப்பட்டேன். நான்! அவர்களைப் பார்த்து!

நர்சரியில் கடைக்காரம்மா மட்டும் தனியாக ஒரு பெரிய பச்சை வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டேம்மா, ஏழாகலையே?" என்றேன் மூச்சு வாங்க. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழு ஆகலைதான். ஆனா இது சாயங்காலம்மா."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். தெரு விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. வானம் கருத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன், மாடு மாதிரி.

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "காலைலயே ஒரு பொண்ணை எடுத்துட்டேனே. நீங்க வரலன்னதும்…" என்று இழுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஜென்மம் என்று எனக்குத்தான் எழுதியிருக்கிறது.

அவர் கையிலிருந்த வலை காற்றில் எழும்பிச் செடிகள் மேல் விழப் போனது. பகலில் வெயில் தாங்க விரிப்பார்களாம், சாயங்காலம் மடித்து எடுத்து வைக்க வேண்டுமாம். தனி ஆள் கையில் அது அடங்குமா? நான் யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. அந்தப் பக்க முனைகளைப் பிடித்தேன். ஒரு உதறு. ஒரு மடிப்பு. நடந்து போய் அவர் கையில் முனையைக் கொடுத்தேன். முதல் தடவை தடுமாறினார், அடுத்த தடவை சரியாக வந்தார். ஐந்தாறு வலையையும் மடித்து அடுக்கிவிட்டோம். கண்ணைத் துடைக்கக் கை ஒழியாததால் அதுவே காய்ந்துவிட்டது.

அங்கிருந்து நேராக வேலைக்கே போகிறேன். நல்ல சேலையோடு. போகிற வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

வாலு போன் செய்தாள். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வேலை கைநழுவியதைப் போனில் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, தலைவலி என்றேன். மதியம் வரை விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பக்கத்து அறையில் யாரோ யாரையோ "சாப்பிட வா, ஆறிப்போகுது" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், என்னைத்தான் கூப்பிட்ட மாதிரி. வெட்கக்கேடு.

ஏப்ரல் 2, வியாழன்

புது எதிர்க்கை சின்னப் பெண். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருகிறாள். முனையை முனைமேல் போட்டுவிட்டுப் போகிறாள், விரல் படுவதே இல்லை. நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிப்ட் முடியும்போது எனக்கு மட்டும் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

போனேன். வாலு அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா சொல்லிவைத்திருப்பாள். குழந்தை கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"அப்ப இங்கயே சேர்த்துடட்டுமா?" என்றாள் அக்கா.

"சேர்த்துடுக்கா" என்றேன். வாய் சொல்லிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பல் இன்னும் பைக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மறுபடி இரவு வாரம். நடுப்பகலில், நல்ல தூக்கத்தில் போன். வாலுதான் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே, "எனக்குப் பகல்தாண்டா கண்ணு, சொல்லு" என்றேன்.

"எனக்கும் பகல்தான்" என்றது ஒரு பெரிய மனுஷிக் குரல். "நெட் மடிச்ச அம்மாதானே?"

எழுந்து உட்கார்ந்தேன்.

எடுத்த பெண் ஓடிவிட்டாளாம். "மண்புழுவைப் பாத்து ஒரு கத்து கத்துனா பாருங்க, கேட்டுக்கு வெளியதான் போய் நின்னா. உங்களுக்குப் புழு பூச்சி பயம் உண்டா?"

"ஆஸ்பத்திரித் துணியில நான் பாக்காததாம்மா?" என்றேன். என்ன பதில் இது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "தினம் சாயங்காலம் நெட்டை மடிக்கும்போது உங்க ஞாபகம்தான். நாளைக்கு வாங்க. காலைல. வேணும்னா நான் போன் பண்ணி எழுப்பட்டுமா?"

ஏப்ரல் 10, வெள்ளி

குளிக்கவில்லை. சேலை மாற்றவில்லை. கட்டில் பக்கமே போகவில்லை. ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு, பிளீச்சிங் வாடையோடு நேரே போய் நர்சரி கேட்டில் நின்றேன். கடைக்காரம்மா வந்து திறந்து, வானத்தைக் காட்டி, "காலை" என்றார்.

மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு அங்கே சேர வேண்டும். சம்பளம் குறைவுதான். இருக்கட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். நல்ல வேளை, பள்ளியில் இன்னும் சேர்த்திருக்கவில்லை. "நல்லதாப் போச்சு" என்று அடுப்படிக்குள் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. உள்ளே போனால், ஏற்கனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பால்ல சர்க்கரை போடாத, பல்லு கெட்டுடும். தூங்கும்போது காலால உதைப்பா, சுவர் பக்கம் படுக்க வை." அவ்வளவுதான் சொன்னாள்.

இத்தனை நாள் நான் தனியாக இருந்தேன். இனி அக்கா தனியாக இருக்கப் போகிறாள். இது என் மண்டைக்கு இன்றுதான் உறைத்தது.

மே 2, சனி

வாலு வந்துவிட்டாள். அக்காவே கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். லீவு முடியும் வரை குழந்தையும் நர்சரிக்கே கூட வரட்டும் என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டார்.

படுத்ததும் அழுதாள். பெரியம்மா வேணுமாம். தட்டிக்கொடுத்தேன். ராத்திரி தூங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை, அதனால் அவள் உதைத்த உதை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

மே 6, புதன்

வேலை முடிந்து வந்து சும்மாதான் படுத்தேன். கண்ணைத் திறந்தால் அரை வெளிச்சம். கடிகாரத்தில் ஆறு நாற்பது. போச்சு, எல்லாம் போச்சு என்று எழுந்து சேலையைத் தேடி, ஒரு செருப்பை மாட்டிக் கதவு வரை போய்விட்டேன்.

வாலு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அம்மா, இப்ப சாயங்காலம். எனக்கும் சாயங்காலம்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறு வைத்தேன். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி என்று கைக்கு மறந்துவிட்டது, தண்ணீரும் கூடிப்போய்க் குழைந்துவிட்டது. "பெரியம்மா இப்படிக் குழைய விடமாட்டாங்க" என்றாள். "பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போடி" என்றேன். "நீ போ" என்றாள். சாப்பிட்டு முடிக்கும் வரை சண்டை போட்டோம்.